ஒரு பெட்டி, பத்துக் கந்தோர்

எங்கட சித்தி மிளகாய்த்தூள் செய்து விக்கிறவா. மிளகாய், கொத்தமல்லி, சீரகம், கறிவேப்பிலை எல்லாத்தையும் வறுத்து, மில்லில குடுத்து அரைச்சு, அரைக் கிலோ பைக்கற்றில அடைச்சு, ஊர்க் கடைகளுக்கும் வெளிநாட்டுக்குப் போற சனத்துக்கும் குடுப்பா. சில வருசத்துக்கு முதல் லண்டனில கடை வைச்சிருக்கிற ஒராள், மாசம் நூறு கிலோ அனுப்பேலுமோ எண்டு கேட்டார். சித்திக்குச் சரியான சந்தோசம்.

அதுக்குப் பிறகு நடந்தது முழுக்கக் கந்தோர்க் கதை. ஒரு இடத்தில வரி இலக்கம் கேட்டினம். இன்னொரு இடத்தில தர அறிக்கை. வேறொரு இடத்தில சுகாதாரச் சான்றிதழ். ஒரு கந்தோருக்குக் குடுக்கிற படிவத்தில மற்றக் கந்தோரின்ர கடிதத்தை இணைக்கச் சொல்லியிருக்கும். அந்தக் கடிதத்தை எடுக்கப் போனால் முதல் கந்தோரின்ர படிவம் எங்க எண்டு கேப்பினம். மூண்டு தரம் இரவு பஸ்ஸில கொழும்புக்குப் போய் வந்தா. நாலாம் தரம் போகேல்லை.

போன அரையாண்டு பொருளாதார வரலாறு வகுப்பில் உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கையைப் படித்தோம். அதன் 23ஆம் உறுப்புரையில் சின்னதாக ஒரு வாசகம் இருக்கிறது. எல்லையில் வேலை செய்கிற திணைக்களங்களை ஒருங்கிணைக்க ஒவ்வொரு நாடும் ஒரு தேசியக் குழுவை அமைக்க வேண்டும், அல்லது இருக்கிற ஒரு பொறிமுறையை அதுக்காக நியமிக்க வேண்டும் என்று சொல்கிற வாசகம். இலங்கையிலும் அப்படி ஒரு குழு இருக்கிறது. அதை வாசித்த உடனே எனக்குச் சித்தியின் இரவு பஸ் தான் ஞாபகம் வந்தது. கந்தோர்களை ஒரு மேசையில் இருத்த ஒரு குழு இருக்கு எண்டால், அந்த மூண்டு பயணம் ஏன்? இந்த யோசனை எங்கே பிறந்தது, எங்களைப் போன்ற நாடுகளுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று தேடிப் பார்க்கத் தொடங்கினேன்.

கதை ஒரு பெட்டியில் தொடங்குகிறது. 1956 ஏப்ரல் 26ஆம் திகதி, ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பல் ஒன்று அமெரிக்காவின் நியூவார்க்கில் இருந்து ஹூஸ்டனுக்கு 58 உலோகப் பெட்டிகளைக் கொண்டு போனது. மல்கம் மக்லீன் என்ற லொறி முதலாளியின் ஏற்பாடு. கொள்கலன் யுகத்தின் தொடக்கமாக வரலாற்றாசிரியர்கள் சொல்கிற நாள் அது. அதுவரைக்கும் மூட்டை மூட்டையாக நாட்டாமைகள் முதுகில் ஏற்றி இறக்க நாட்கணக்கு எடுத்த வேலை, கொஞ்சம் கொஞ்சமாக மணித்தியாலக் கணக்குக்கு இறங்கியது.

ஆனால் கப்பலோடு சேர்ந்து காகிதம் ஓடவில்லை. ஒரே சரக்குக்கு விலைப்பட்டியல், கப்பல் சரக்குப் பத்திரம், காப்புறுதிப் பத்திரம், எந்த நாட்டுப் பொருள் என்ற சான்றிதழ், சுங்கப் பிரகடனம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுத் தாள், ஒவ்வொன்றிலும் அதே பெயர், அதே நிறை, அதே பொருள் விபரம், வேறு வேறு இடத்தில். எல்லாத்தையும் ஒவ்வொன்றாக ரைப் அடிக்க வேணும். ஒரு தாளில் ஒரு எழுத்துப் பிழைத்தால் சரக்கு துறைமுகத்தில் கிடக்கும்.

இதைப் பார்த்து முதலில் எரிச்சல்பட்டவர்களில் சுவீடன்காரர் முக்கியமானவர்கள். எல்லாப் படிவத்தையும் ஒரே கட்டமைப்பில் வடிவமைத்தால், ஒருதரம் ரைப் அடித்த மூலத்தில் இருந்தே மற்றதெல்லாம் எடுக்கலாமே என்பது அவர்களின் யோசனை. கேட்கச் சின்ன விசயம். இந்த யோசனை ஜெனீவாவில் இருக்கிற ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவுக்குப் போய், 1963இல் ஒரு பொதுப் படிவ அமைப்பாக ஒத்துக்கொள்ளப்பட்டது. பெட்டி எங்கே, பெயர் எங்கே, நிறை எங்கே என்று ஒரு ஏ4 தாளில் கோடு போட்டு வைத்த அமைப்பு. இன்றைக்கும் உலகத்தில் பல சுங்கப் படிவங்களில் அனுப்புபவரின் பெயர் இடது மேல் மூலையில் இருப்பது சும்மா வந்த பழக்கமில்லை.

படிவத்தை மாத்தப் போனபோதுதான் ஒரு உண்மை தெரிந்தது. சுங்கம் மட்டும் நினைத்து இதைச் செய்ய ஏலாது. வங்கி, கப்பல் கொம்பனி, காப்புறுதி, துறைமுகம், வியாபாரி எல்லாரும் ஒரு மேசையில் இருந்தால்தான் ஒரு தாள் மாறும். அப்படி உருவானவைதான் முதலாவது தேசிய அமைப்புகள். பிரான்சில் சிம்புரோ, பிரித்தானியாவில் 1970இல் சிற்புரோ, ஜப்பானில் 1974இல் ஜாஸ்ற்புரோ, சுவீடனில் சுவெப்புரோ. (பெயர்களைக் கேட்டால் காய்ச்சல் குளிசை மாதிரி இருக்கும்.) 1974இல் ஜெனீவாவில் நான்காம் இலக்கப் பரிந்துரை என்று ஒன்று வந்தது. ஒவ்வொரு அரசாங்கமும் அரச தரப்பும் தனியார் தரப்பும் சேர்ந்து இருக்கிற இப்படியான ஒரு தேசிய அமைப்பை உருவாக்க வேண்டும் என்பது அதன் சாரம். பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. விரும்பினால் செய், விட்டால் விடு.

இந்த யோசனை பிறந்த நாடுகளைக் கொஞ்சம் கவனியுங்கோ. சுவீடன், பிரான்ஸ், பிரித்தானியா, ஜப்பான். இந்த நாடுகளில் அரசாங்கம் வாழ்வது வருமான வரியாலும் விற்பனை வரியாலும். சுங்கம் அங்கே அரசின் பிரதான பணப்பை இல்லை. எங்கட பக்கம் அப்படி இல்லை.

இலங்கையின் சுங்கக் கட்டளைச் சட்டம் 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம். எத்தனையோ தரம் திருத்தியும் அடிப்படை இன்னும் அதேதான். 1869 எண்டால் சுயஸ் கால்வாய் திறந்த வருசம். இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்த இலைநோய் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதும் அதே வருசம்தான். கோப்பி போய், தேயிலை வந்து, வெள்ளைக்காரன் போய், குடியரசு வந்து, கொள்கலனும் கணினியும் வந்த பிறகும் சட்டத்தின் அடித்தளம் மாறவில்லை. குடியேற்ற அரசு அந்தச் சட்டத்தை எழுதியது துறைமுகத்தில் வரி தப்பிப் போகாமல் பார்க்க. சுதந்திரத்துக்குப் பிறகும் அரச வருமானத்தின் பெரிய பங்கைச் சுங்கம்தான் சேர்த்துக் குடுக்கிறது. அதனால் ஒரு சுங்க உத்தியோகத்தர் பெட்டியைப் பார்த்துக் கேட்கிற முதல் கேள்வி 'எவ்வளவு?'. 'எவ்வளவு கெதியாய்?' என்பது இல்லை. அது அந்த ஆளின் குற்றமும் இல்லை. அவருக்குக் குடுத்த வேலை அதுதான்.

சுங்கத்தைச் சுத்தி வேற கந்தோர்களும் முளைத்தன. 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தோடு இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்தது. தாவரத் தடுப்புக்காப்பு, உணவுக் கட்டுப்பாடு, கட்டளைகள் நிறுவனம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு அமைச்சின் கீழ், ஒவ்வொரு சட்டத்தோடு, ஒவ்வொரு நியாயமான காரணத்தோடு. கிருமி பிடித்த விதையோ பழுதான மருந்தோ உள்ளே வரக்கூடாது என்பது நியாயம்தானே. சிக்கல் அந்த நியாயங்களுக்கு இடையில் கதவில்லாமல் போனதில்.

இப்படியான நாடுகளுக்கு ஜெனீவாவின் குழு எப்படி வந்தது? பெரும்பாலும் கடனோடும் உதவியோடும். நேபாளம் நல்ல உதாரணம். கடலில்லாத நாடு. அதன் சரக்கு கொல்கத்தா துறைமுகத்தில் இறங்கி, சுமார் 700 கிலோமீற்றர் இந்தியாவுக்குள்ளால் வந்துதான் பீர்கஞ்ச் எல்லையை அடைய வேணும். அந்த நாட்டுக்கு ஒரு தாள் பிந்துவது ஒரு வாரம் பிந்துவதாக மாறலாம். 1990களின் பிற்பகுதியில் உலக வங்கியின் ஒரு போக்குவரத்துத் திட்டத்தோடு சேர்ந்து அங்கே தேசிய வர்த்தக, போக்குவரத்து வசதிப்படுத்தல் குழு வந்தது. பாகிஸ்தானில் 2001இல் அதே பெயரில் ஒன்று வந்தது. அங்டாட் என்று சொல்லப்படுகிற ஐ.நா. வர்த்தக, அபிவிருத்தி அமைப்பும் இந்த வேலையில் நின்றது.

குழுவுக்குச் செயலகம், ஆலோசகர், பயிலரங்கு எல்லாம் திட்டக் காசில். திட்டம் முடியும். ஆலோசகர் அடுத்த நாட்டுக்குப் போவார். இந்தக் குழுக்கள் திட்டம் முடிந்த கையோடு படுத்துவிடுகிற கதையை அங்டாட்டே தன் அறிக்கைகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. கூட்டத்துக்கு முதலில் பணிப்பாளர் வருவார், பிறகு பிரதிப் பணிப்பாளர், பிறகு குறிப்பெடுக்க ஒரு இளைய உத்தியோகத்தர். எங்கட சனசமூக நிலையக் கூட்டங்களைப் பார்த்த ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் இது ஏழை நாடுகளின் வியாதி மட்டும் எண்டும் நினைக்க வேண்டாம். பிரித்தானியாவின் சிற்புரோவையும் 2010இல் செலவுக் குறைப்பில் மூடிவிட்டார்கள்.

இதுக்கிடையில் இன்னொரு பக்கத்தில் பெரிய சண்டை ஒன்று நடந்துகொண்டிருந்தது. 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர் மாநாட்டில் பணக்கார நாடுகள் நாலு விசயங்களை மேசையில் வைத்தன: முதலீடு, போட்டிக் கொள்கை, அரச கொள்வனவு, வர்த்தக வசதிப்படுத்தல். வளர்முக நாடுகள் பயந்தன. எங்கட வகுப்பில் சிலருக்கு இந்தப் பயம் பழங்காலத்துப் பிடிவாதம் மாதிரித் தெரிந்தது. எனக்கு அப்படித் தெரியவில்லை. உலக வர்த்தக அமைப்பில் கையெழுத்துப் போட்டால், செய்யாத நாட்டுக்கு எதிராக வழக்குப் போடலாம். மின்சாரமே ஒழுங்காக இல்லாத எல்லைச் சாவடியில் கணினி முறை வைக்கவில்லை என்று ஒரு ஏழை நாட்டை வழக்குக்கு இழுத்தால்? அந்தச் செலவை யார் குடுக்கிறது? 2003 செப்ரெம்பரில் மெக்சிக்கோவின் கான்கூன் மாநாடு இந்த நாலு விசயத்தில்தான் உடைந்தது. 2004 யூலையில் மூன்றைத் தூக்கி வெளியில் போட்டுவிட்டு, வர்த்தக வசதிப்படுத்தலை மட்டும் பேச ஒத்துக்கொண்டார்கள்.

பிறகு ஒன்பது வருசம் பேச்சு. கடைசியில் கிடைத்தது கொஞ்சம் புதினமான ஒரு உடன்படிக்கை. வளர்முக நாடு ஒன்று ஒவ்வொரு கடப்பாட்டையும் தானே மூன்று கூடைகளாகப் பிரிக்கலாம். 'ஏ' கூடை: இப்பவே செய்வேன். 'பி' கூடை: கொஞ்சக் காலம் தா. 'சி' கூடை: காலமும் தா, உதவியும் தா, பிறகு செய்வேன். கான்கூனில் முரண்டு பிடித்திருக்காவிட்டால் இந்தச் 'சி' கூடை கிடைத்திருக்குமா எண்டு எனக்குச் சந்தேகம்.

2013 டிசம்பரில் பாலித் தீவில் இது நிறைவேறியது. 1995இல் உலக வர்த்தக அமைப்பு பிறந்த பிறகு எல்லா உறுப்பு நாடுகளும் சேர்ந்து முடித்த முதல் பலதரப்பு உடன்படிக்கை. அதுக்குப் பிறகும் 2014 யூலையில் இந்தியா, தன் உணவுத் தானியக் கையிருப்புக்குப் பாதுகாப்பு வேணும் என்று மறித்தது. நவம்பர் 27 அன்றுதான் திருத்த நெறிமுறை ஏற்றுக்கொள்ளப்பட்டது. இலங்கை 2016 மே 31இல் ஏற்புறுதி செய்தது. 2017 பெப்ரவரி 22 அன்று ருவாண்டா, ஓமான், சாட், ஜோர்தான் ஆகிய நாலு நாடுகளும் ஏற்புப் பத்திரத்தைக் குடுக்க, 164 உறுப்பினரில் மூன்றில் இரண்டு என்ற எல்லை தாண்டி, உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அந்த நாலில் ருவாண்டாவும் சாட்டும் கடலில்லாத நாடுகள் என்பதைக் கவனிக்கலாம்.

இப்ப அந்த 23ஆம் உறுப்புரைக்கு வருவோம். மூன்று கூடைச் சலுகை உடன்படிக்கையின் முதலாம் பகுதிக்கு உரியது. தேசியக் குழு பற்றிய வாசகம் இருப்பதோ மூன்றாம் பகுதியில். அதாவது கணினி முறைக்கு, ஆய்வுகூடத்துக்கு, ஒற்றைச் சாளரத்துக்கு எல்லாம் தவணை கேட்கலாம். குழுவுக்குக் கேட்க ஏலாது. 1974இல் விரும்பினால் செய் என்றிருந்தது, 43 வருசத்துக்குப் பிறகு கட்டாயம் ஆகிவிட்டது. ஆனால் அந்த வாசகம் யார் தலைவர், யார் உறுப்பினர், எத்தனை மாசத்துக்கு ஒருதரம் கூட வேணும், முடிவு எடுத்தால் யார் கேட்க வேணும் என்று ஒன்றும் சொல்லவில்லை. கதிரை போடு என்று மட்டும் சொல்லியிருக்கு.

எல்லாமே அந்த வெற்றிடத்தில்தான் தங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இந்தியா 2016இல் அமைத்த குழுவுக்குத் தலைவர் அமைச்சரவைச் செயலாளர், அந்த நாட்டின் மிக உயர்ந்த அரச ஊழியர். அவர் கூப்பிட்டால் எந்தத் திணைக்களத் தலைவரும் 'வேற கூட்டம் இருக்கு' எண்டு சொல்லேலாது. இலங்கையில் தலைமை சுங்கப் பணிப்பாளர் நாயகத்திடம், செயலகமும் சுங்கத்தில். இதுக்கும் ஒரு நியாயம் உண்டு. தரவு அவர்களிடம், ஆள் அவர்களிடம், அனுபவமும் அவர்களிடம். பல நாடுகளில் இப்படித்தான். ஆனால் ஒரு திணைக்களத் தலைவர் இன்னொரு அமைச்சின் கீழ் இருக்கிற திணைக்களத் தலைவரிடம் 'உங்கட படிவத்தை நிப்பாட்டுங்கோ' எண்டு கேட்கலாம், கட்டளை போட ஏலாது.

ஒண்டும் நடக்கவில்லை எண்டு எழுதினால் அது பொய். 2018இல் வர்த்தகத் திணைக்களம் வர்த்தகத் தகவல் இணைய வாயில் ஒன்றைத் தொடங்கியது. எந்தப் பொருளுக்கு எந்த அனுமதி, எந்தக் கந்தோர் என்று ஒரே இடத்தில் பார்க்கலாம். உடன்படிக்கையின் முதலாம் உறுப்புரை கேட்கிற வேலை அது. சித்தி முதல் தரம் கொழும்புக்குப் போக முதல் இப்படி ஒன்று இருக்கெண்டு எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும்தான்.

இதுக்குப் பக்கத்தில் மஞ்சள் கதையை வைத்துப் பாருங்கோ. 2020இல் உள்ளூர் உற்பத்தியை ஊக்குவிக்க என்று மஞ்சள் இறக்குமதியை மறித்தார்கள். சில மாசத்தில் ஒரு கிலோவின் விலை ஆயிரக்கணக்கில் போனது. கடையில் வாங்கின மஞ்சள் தூளில் மா கலந்திருக்கு எண்ட கதைகள் வந்தன. இந்தியாவில் இருந்து கடலால் கடத்தி வந்த மஞ்சள் மூட்டைகளைக் கடற்படை பிடிக்கிற படங்கள் செய்தியில் வந்தபடி இருந்தன. அந்த வருசம் சித்தி மஞ்சள் போடாமலே தூள் அரைத்தா. புதிய விதிகள் நடைமுறைக்கு வர முதல் சம்பந்தப்பட்ட ஆக்களிடம் கருத்துக் கேட்க வேணும் என்று உடன்படிக்கையின் இரண்டாம் உறுப்புரை சொல்கிறது, 'இயன்றளவு' என்ற மெத்தையோடு. இறக்குமதித் தடை அந்த உறுப்புரைக்குள் வருமா வராதா என்று சட்டத்தரணிகள் வாதாடலாம். எனக்குப் படுவது இதுதான்: ஒரு வர்த்தமானி அறிவித்தல் ஒரே இரவில் மாற்றக்கூடியதை, மாசக்கணக்கில் கூடிப் பேசுகிற குழு ஒன்றால் தடுக்கவும் முடியவில்லை, முன்கூட்டியே சொல்லவும் முடியவில்லை.

இன்னொரு முரணும் இருக்கு. கொழும்புத் துறைமுகம் கையாளுகிற கொள்கலன்களில் பெரும்பகுதி இலங்கைக்குள் வராதவை. ஒரு கப்பலில் இறங்கி மற்றக் கப்பலில் ஏறிப் போகிற பெட்டிகள். அந்த வேலையில் கொழும்பு கெட்டிக்காரன்; உலகத்தின் பெரிய கப்பல் கொம்பனிகள் அதுக்காகவே வருகின்றன. வேற நாட்டுப் பெட்டி எங்கட கரையைத் தொட்டு ஐரோப்பாவுக்குப் பறக்கிறது. எங்கட ஊர்ப் பெட்டி அதே கரையில் காகிதத்துக்காக நிக்கிறது.

சித்தியிடம் இந்தக் குழுவைப் பற்றிச் சொன்னேன். மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டு இருந்தவா, நிமிராமலே கேட்டா: "அதில ஆர் இருக்கினம்?" அரச திணைக்களங்கள், வர்த்தக சம்மேளனங்கள், கப்பல் முகவர்கள் மாதிரியான ஆக்கள் எண்டு சொன்னேன். "எங்களை மாதிரி ஆரும்?" எண்டா.

1974 பரிந்துரையில் இருந்தே அரசும் தனியாரும் சேர்ந்து இருக்க வேணும் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் நடைமுறையில் தனியார் எண்டால் சங்கம் வைத்திருப்பவர். சங்கத்துக்குச் சந்தா கட்ட, கொழும்பில் கிழமை நாளில் பகல் நேரக் கூட்டத்துக்கு ஆள் அனுப்ப வசதி உள்ளவர். வீட்டில தூள் இடிக்கிற, ஒடியல் காயப்போடுகிற, கருவாடு பொதி பண்ணுகிற பெண்களுக்கு அந்தச் சங்கம் எங்கே இருக்கு?

இதுக்கு வழியே இல்லை என்றும் இல்லை. ருவாண்டாவின் கிசென்யிக்கும் கொங்கோவின் கோமாவுக்கும் இடையில் ஒரு சின்ன எல்லைக் கதவு இருக்கு. தினமும் ஆயிரக்கணக்கான ஆக்கள் அதால போய் வருவினம், பெரும்பாலும் பெண்கள், தலையில் கூடை, கூடையில் தக்காளியும் கிழங்கும். கிழக்கு, தெற்கு ஆபிரிக்க நாடுகளின் கொமேசா அமைப்பு இப்படியான ஆக்களுக்காக எளிமையாக்கப்பட்ட வர்த்தக முறை ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு குறிப்பிட்ட பெறுமதிக்கு உட்பட்ட சரக்கு, ஒத்துக்கொண்ட பொருட்பட்டியலில் இருந்தால், எளிய படிவம் ஒன்று போதும், முகவர் தேவையில்லை. எல்லைச் சாவடிகள் சிலதில் படிவம் நிரப்ப உதவுகிற, உரிமை என்ன என்று சொல்கிற தகவல் உத்தியோகத்தர்களையும் இருத்தினார்கள். அங்க எல்லாம் சரியாப் போச்சுது எண்டு நான் சொல்லவரேல்லை. லஞ்சமும் தொந்தரவும் பற்றிய முறைப்பாடுகள் தொடர்ந்து வந்தன. ஆனால் வியாபாரி என்ற சொல்லுக்குள் கூடைக்காரியையும் சேர்த்துத்தான் அந்த முறையை எழுதியிருக்கிறார்கள். எங்கட குழுவின் மேசையில் பத்துக் கிலோவுக்கும் நூறு கிலோவுக்கும் தனியாக ஒரு தாள் வேணும் எண்டு யாராவது கேட்டிருப்பினமா?

சித்தி இப்ப தூளைக் கொழும்பில இருக்கிற ஒரு முகவருக்குக் குடுக்கிறா. அவரிடம் எல்லாக் காகிதமும் இருக்கு. கிலோவுக்கு அவர் குடுக்கிற விலை ஊர்க் கடை விலையிலும் பார்க்கக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். போன மாசம் லண்டனில இருக்கிற எங்கட மச்சாள் ஒரு தமிழ்க் கடைத் தட்டில கண்ட பைக்கற்றைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில அனுப்பினா. பைக்கற்றில வேற பேர், வேற முகவரி. சித்தி படத்தை விரலால பெருப்பிச்சுக் கன நேரம் பார்த்தா.

"நிறத்தைப் பார்," எண்டா. "இது என்ர தூள்தான்."